ஒளிவட்டமும் அணை நீர்மட்டமும்

ஏப்ரல் 5, சனி

காலை 6.50. பாபநாசம் 84 அடி, மணிமுத்தாறு 91 அடி. ஒலி தெளிவு.

பஞ்சாலையில் முப்பத்துநான்கு வருடம் மின்பிரிவு ஃபோர்மேனாக இருந்தவன் நான். ஷிப்டு முடிந்ததும் லாக் புத்தகத்தில் நேரம், பழுது, நடவடிக்கை மூன்றையும் எழுதிவிட்டுத்தான் கை கழுவுவேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதற்குத்தான் இந்த நோட்டு. வேறு உள்நோக்கம் கிடையாது.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டு மாரிக்கனியின் எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு சின்ன ரேடியோ வாங்கினேன். தினமும் காலையில் அணைகளின் நீர்மட்டம் வாசிக்கிறார்கள். எனக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. இருந்தாலும் அணையில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது ஒரு குடிமகனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

புதன், சனி இரண்டு நாளும் அதை வாசிப்பது என் மகள் செண்பகவல்லி. இது தற்செயல்.

அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது. சென்னையில் நல்ல கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். பொங்கலுக்கு வந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டதாகவும் திருநெல்வேலியில் ரேடியோவில் பகுதிநேர அறிவிப்பாளராகத் தேர்வாகியிருப்பதாகவும் கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள். வாரத்தில் இரண்டே நாள்தான் வேலை. "ரேடியோவை இந்தக் காலத்துல எவன் கேக்கான்?" என்று கத்தினேன். "கேக்க ஒரு ஆள் இருந்தாப் போதும்ப்பா" என்றாள். "அந்த ஒரு ஆளு நானா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் நெல்லையில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாள், நான் இங்கே கோவில்பட்டியில் இருக்கிறேன்.

சொன்ன சொல் சொன்னதுதான். நான் கேட்பது நீர்மட்டத்தை.

ஏப்ரல் 9, புதன்

பாபநாசம் 83. வாசிப்பில் நிதானம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் நீளமான வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும். இப்போது இல்லை.

வீட்டுக்காரி ஆவுடை காபி கொண்டுவந்தாள். "ரேடியோவுல என்ன சொன்னாங்க?" என்றாள்.

"தண்ணி கொறையுது."

"வேற?"

"வேற என்ன, வெயிலு கூடுது."

டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். இவளுக்கு இப்போதெல்லாம் காரணமில்லாமல் கோபம் வருகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போய் வந்தோம். எனக்குக் கழுகாசலம் என்று பெயர் வைத்ததே அந்த முருகனை நினைத்துத்தான். கூட்டமான கூட்டம். திருவிழாக் கடையில் ஆவுடை ஒரு சாமானைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்றாள். சாமி படத்துக்குப் பின்னால் மாட்டுகிற ஒளிவட்டம். சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டி எல்.இ.டி. விளக்குகள் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எனக்கென்னவோ முருகன் ராட்டினத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பூசை அலமாரியில் மாட்டினாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அணையாமல் எரிய வேண்டுமாம். எண்ணெய் விளக்கென்றால் காற்றில் அணையும், பூனை தட்டிவிடும், அதனால்தான் கரண்டு விளக்காம்.

"என்ன வேண்டுதல்?"

"வெளிய சொன்னாப் பலிக்காது."

முட்டிவலியாக இருக்கும். பாவம், மாடிப்படி ஏறக் கஷ்டப்படுகிறாள்.

சாயங்காலம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது மாரிக்கனி வந்து போனானாம்.

ஏப்ரல் 12, சனி

காலை 6.50. பழுது: ரேடியோ முழுவதும் இரைச்சல். கொர்ர்ர் என்று மாவு மில் ஓடுகிற மாதிரி. அதற்கடியில் யாரோ பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. நீர்மட்டம் கிடைக்கவில்லை.

நடவடிக்கை: பாட்டரி மாற்றினேன். ரேடியோவைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவும் தட்டினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி. வடை நான்கு சாப்பிட்டேன், ஆவுடை எண்ணினாள்.

ரேடியோவை மாரிக்கனி கடைக்குக் கொண்டுபோனேன். போட்ட மாத்திரத்தில் கணீரென்று பாடுகிறது. "அண்ணாச்சி, ரேடியோவுல ஒரு கொறையும் இல்ல. உங்க வீட்டுப் பக்கத்துலதான் ஏதோ சரியில்ல" என்றான்.

வீட்டுக்கு எடுத்து வந்தேன். கொர்ர்ர்.

ஏப்ரல் 16, புதன்

இன்றும் இரைச்சல்தான். 'பாபநாசம்' என்கிற சொல் மட்டும் கேட்டது. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது, இரைச்சலில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மாரிக்கனி யோசித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னான். இந்த எல்.இ.டி. விளக்குகளுக்குள் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற சின்ன சர்க்யூட் இருக்கிறது. மட்டமான சரக்கென்றால் அந்த சர்க்யூட் ரேடியோ அலை வருகிற இடத்திலேயே தானும் சத்தம் போடுமாம். விளக்குக்கு வாய் முளைத்த கதை. "ஆனா அண்ணாச்சி, நம்ம கடை பல்பு செய்யாது" என்று மூன்று தடவை சொன்னான். இந்தத் தெரு முழுக்க அவன் கடை பல்புதான்.

ஏப்ரல் 19, சனி

விடிவதற்கு முன்பே எழுந்து வீட்டிலுள்ள எல்லா பல்பையும் அணைத்தேன். இரைச்சல் போகவில்லை. வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சையே இறக்கினேன். அப்போதும் போகவில்லை. இன்வெர்ட்டர் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மட்டும்தான். அந்த இரண்டு அறையிலும் எல்லா சுவிட்சையும் அணைத்தாயிற்று. ஆகவே குற்றவாளி வெளியே இருக்கிறான். நம் வீடு நிரபராதி. முப்பத்துநான்கு வருட அனுபவம் பொய் சொல்லாது.

மிக்சி ஓடவில்லை என்று ஆவுடை அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். சட்னி பாதியில் நிற்கிறதாம். விஞ்ஞானத்துக்குச் சட்னி தெரியாது என்றேன். இட்லிக்கு மிளகாய்ப்பொடி கிடைத்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரேடியோவைக் கையில் பிடித்தபடி தெருவை அளந்தேன். முதல் சந்தேகம் எதிர்வீட்டு ஜெபமாலை டீச்சர் மேல். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். கேட்டில் இரண்டு விளக்கு, மீன்தொட்டியில் ஒன்று, போன கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரம் இன்னும் மாடியில் எரிகிறது. சந்தேகப்படாமல் என்ன செய்வது.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினார். மீன்தொட்டி விளக்கை அணைத்ததும் மீன்கள் எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விட்டன. இரைச்சல் போகவில்லை. "அண்ணாச்சி, அப்படி என்னத்தைக் கேக்கணும் ரேடியோவுல?" என்றார்.

"அணை நீர்மட்டம், டீச்சர்."

"ஓ" என்றார். கணக்கு டீச்சர்களின் 'ஓ' எனக்குப் பிடிப்பதில்லை.

கண்டறிந்தவை: தெருமுனை டீக்கடையில் சுத்தமாகக் கேட்கிறது. டீச்சர் வீட்டு கேட் பக்கம் வரும்போது இரைச்சல் ஆரம்பிக்கிறது. நம் வாசலில் கூடுகிறது. பின்பக்கச் சந்து வழியாக வந்து பார்த்தேன், அந்தப் பக்கமிருந்தும் நம் வீட்டை நெருங்க நெருங்கக் கூடுகிறது. ஆக, எதிரி நம்மை எல்லாப் பக்கமும் சுற்றி வளைத்திருக்கிறான்.

ஏப்ரல் 23, புதன்

ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

ஒன்றும் கேட்கவில்லை. ஜலதோஷம் விட்டிருக்குமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

புத்தி வந்தது. நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு ரேடியோவோடு செல்லத்துரை டீக்கடைக்குப் போனேன். 6.50க்குக் கணீரென்று வந்தது. "முக்கிய அணைகளின் நீர்மட்டம். வாசிப்பது செண்பகவல்லி." குரல் நன்றாக இருக்கிறது. ஜலதோஷம் இல்லை.

பெஞ்சில் நாலு பேர். ஒருத்தர், "அண்ணாச்சி, இது நம்ம செண்பாவுல்லா? நீங்கதான் ரேடியோ வேலை கூடாதுன்னு குதிச்சீங்களாம்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சட்டென்று முள்ளைத் திருப்பினேன். ஏதோ மலையாள ஸ்டேஷன். நீர்மட்டம் முடிகிற வரை மலையாளப் பிரசங்கம் கேட்டேன். செல்லத்துரை டீயை ஆற்றிக்கொண்டே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி டீக்கடைக்குப் போவதாக இல்லை.

மே 4, ஞாயிறு

கத்தரி வெயில் ஆரம்பம். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

ஆவுடை மகளோடு போனில் பேசும்போது குழாயைத் திறந்து விட்டுக்கொள்வாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று. இன்று தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், காது அதன் வேலையைச் செய்தது.

இருபத்துநான்காம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளுக்கு நேரலை நிகழ்ச்சி. நேயர்கள் போன் செய்து பேச வேண்டும். முதல் தடவை தனியாக நடத்துகிறாள். அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு நிகழ்ச்சி தருவார்களாம். "ஒருத்தரும் போன் பண்ணலன்னா என்னட்டி செய்வ?" என்றாள் ஆவுடை. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அப்பா சொன்னதை நெனச்சுக்கிட்டு இருக்காத. அவுக வாயி அப்படி" என்றாள்.

பேப்பரில் ஒரே பக்கத்தை அரை மணி நேரம் வைத்திருந்தேன்.

எவன் கேட்கிறான் என்று நான் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மணி நேரம் கண்ணாடி அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, போன் மணி அடிக்காமல், அப்பா சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டால்? எது எப்படியோ, இருபத்துநான்காம் தேதிக்குள் இந்த ரேடியோ இந்த வீட்டில் பேசியாக வேண்டும்.

மே 7, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் வழக்கம்போல இரைச்சல். வெறுத்துப்போய் குளித்துவிட்டு, விபூதி பூசலாமென்று பூசை அலமாரிக்குப் போனேன். ரேடியோ கையிலேயே இருந்தது, அணைக்கவும் இல்லை. கதவைத் திறந்தேனோ இல்லையோ, கொர்ர்ர் என்றிருந்தது கீஈஈ என்று வீடு அதிர அலறியது. ஒரு எட்டு பின்னால் வைத்தால் குறைகிறது. முன்னால் வைத்தால் அலறுகிறது. ரேடியோவை மெதுவாகப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முருகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்குப் பின்னால் சிவப்பு, பச்சை, நீலம்.

"முருகா, நீயா?" என்று கேட்டே விட்டேன்.

வீட்டுக்குள் கள்ளனை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். ஜெபமாலை டீச்சரின் மீன்களிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்.

மாரிக்கனியைப் பிடித்து உலுக்கினேன். உண்மை வந்தது. கரண்டு போனாலும் விளக்கு அணையக் கூடாதென்று, பங்குனி உத்திரத்தன்று நான் தூங்கும்போது ஆவுடை அவனைக் கூப்பிட்டுப் பூசை அலமாரிக்கும் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சொல்லியிருக்கிறாள். "ஏன்வே என்கிட்ட சொல்லல?" என்றால், "மதினி சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா பாத்தீங்களா அண்ணாச்சி, நம்ம கடை பல்பு இல்ல" என்கிறான். அவனுக்கு அவன் கவலை.

மே 8, வியாழன்

ஆவுடையிடம் கேட்டேன். புதன், சனி காலையில் பத்தே பத்து நிமிடம் அந்த விளக்கை அணைத்து வைக்கலாமா என்று.

இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நாப்பத்தெட்டு நாள் அணையக் கூடாதுன்னு நேந்திருக்கேன். இன்னும் இருபது நாள் இருக்கு. எதுக்காக அணைக்கணும்?"

"ரேடியோவுல இரைச்சலு வருது."

"ரேடியோவுல அப்படி என்னத்தைக் கேக்கணும்?"

"நீர்மட்டம்."

"நெசமாவே நீர்மட்டம்தானா?"

"பெறவு?"

"வேற ஒண்ணும் இல்லையே? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்ல. நீர்மட்டம்தான்."

"அப்ப பேப்பர்ல பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது. முருகனிடம் நேரில் கேட்டிருந்தால் பத்து நிமிடம் தந்திருப்பான்.

மே 12, திங்கள்

நடவடிக்கை ஒன்று: மாரிக்கனி கொடுத்த கறுப்பு வளையத்தை விளக்கு ஒயரில் மாட்டினேன். இரைச்சலைக் குடித்துவிடும் என்றான். ஒரு மடக்குத்தான் குடித்தது.

நடவடிக்கை இரண்டு: ரேடியோவை அரிசி டிரம்மில் வைத்துப் பார்த்தேன். இரைச்சல் போனது. நிலையமும் போனது.

நடவடிக்கை மூன்று: அடுப்படியிலிருந்த வெள்ளித்தாளை எடுத்து ஒளிவட்டத்தின் பின்பக்கம் ஒட்டினேன். ஆவுடை பார்த்துவிட்டாள். "சாமியை என்ன, பொட்டலமா கட்டுதீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதையும் இங்கே எழுதுவதற்கில்லை.

மே 17, சனி

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஏழு நாள்.

ஜெபமாலை டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், குற்றவாளி முருகன் என்று. வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "அண்ணாச்சி, மதினிகிட்ட உண்மையைச் சொன்னா என்ன?" என்றார்.

"என்ன உண்மை டீச்சர்?"

"ஓ" என்றார் மறுபடி.

மே 23, வெள்ளி

நாளை ஒன்பதரை. நாலு பேரிடம் சொல்லி போன் செய்யச் சொல்லலாமா என்று யோசித்தேன். கூலிக்குக் கைதட்ட ஆள் பிடித்த மாதிரி ஆகிவிடும். அவளுக்குத் தெரிந்தால் இன்னும் வருத்தப்படுவாள். விட்டுவிட்டேன்.

இரண்டு வேளையும் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில்.

மே 24, சனி

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு ஹாலில் ரேடியோவைப் போட்டேன். கொர்ர்ர். காதை ஒட்டி வைத்தேன். அவள் குரல்தான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. 'கோடை வெயிலை எப்படிச் சமாளிக்கிறீர்கள்' என்பது தலைப்பு என்று தெரிந்தது. ஒரு பாட்டு போட்டாள். முடிந்தது. தொலைபேசி எண்ணைச் சொன்னாள், இரைச்சலில் முதல் நாலு எண் மட்டும் கிடைத்தது. இன்னொரு பாட்டு. மறுபடி எண். ஆறு எண் கிடைத்தது. "உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன்" என்றாள். அந்த 'காத்திருக்கிறேன்' மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டுவிட்டது. மூன்றாவது பாட்டும் ஆரம்பித்தது. மணி ஒன்பது நாற்பத்தைந்து. இதுவரை ஒரு ஆள் பேசவில்லை.

அதற்கு மேல் எனக்கு உட்கார முடியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டினேன், பட்டன் போனை எடுத்தேன், ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு பனியனோடு தெருவில் ஓடினேன். அறுபத்தொரு வயதில் ஓடினேன். டீச்சர் வீட்டு கேட்டைத் தாண்டியதும் இரைச்சல் குறைந்தது. டீக்கடைக்குப் போய்ச் சேரவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. எண்ணைச் சொன்னாள். செல்லத்துரையின் பேனாவைப் பிடுங்கி உள்ளங்கையில் எழுதினேன். பெஞ்சில் அன்றைக்கு இருந்த அதே ஆட்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தார்கள். யாரோ ஒருவர் பேர், ஊர் கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். பிறகு அவள்.

"வணக்கம் நேயரே. யாரு பேசுறீங்க, எங்கிருந்து பேசுறீங்க?"

போனில் ஒரு தடவையும் ரேடியோவில் ஒரு தடவையுமாக அந்தக் குரல் இரண்டாகக் கேட்டது.

"கோவில்பட்டியிலருந்து கழுகாசலம்."

ரேடியோவில் சத்தமே இல்லை. நான் மூன்று வரை எண்ணினேன்.

"சார், உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க" என்றாள்.

"கொறைச்சாச்சு."

"சொல்லுங்க சார். இந்த வெயிலுக்கு உங்க வீட்டுல என்ன செய்றீங்க?"

"மொட்டமாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கோம். சாயங்காலம் தண்ணி தெளிப்போம். ராத்திரி வீடு ஜில்லுன்னு இருக்கும்."

"ரொம்ப நல்ல குறிப்பு சார். வேற ஏதாவது?"

வேறு என்ன இருக்கிறது என்னிடம். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று லாக் புத்தகத்தில் எழுதிப் பழக்கமில்லை.

"நீங்க இருக்க எடத்துல காத்து வருதா?" என்றேன்.

"ஃபேன் இருக்கு சார். கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும்."

"அஞ்சுல வச்சாலும் மெதுவாவா?"

"ஆமா சார்."

"கையால தள்ளிவிட்டாத்தான் கெளம்புதா?"

"ஆமாப்பா" என்றாள்.

"அது கண்டென்சர் போயிட்டு. சின்ன சாமான்தான். விடுதியில வார்டன்கிட்ட சொல்லி வையி, திங்கக்கெழம வந்து மாத்தித் தாரேன். அதுவரைக்கும் நீ ஸ்டூல் போட்டு ஏறிக் கைய வைக்காத, என்ன?"

"சரிப்பா."

"நல்லா வாசிக்க. மூச்சு வாங்காம வாசிக்க. தெனமும் கேக்கணும்னுதான் இருக்கேன், இங்க கொஞ்சம் இரைச்சலு." டீக்கடைப் பெஞ்சுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். "சரி வைக்கேன். அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருப்பாக."

அடுத்த ஆள் யாரும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வைத்துவிட்டேன். செல்லத்துரை ஒரு டீயை நீட்டினான். மலையாள ஸ்டேஷன் கேட்ட நாளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனிதர்கள்.

ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். ஒரு பாட்டு ஓடியது. டீச்சர் வீட்டு கேட் வந்ததும் வழக்கம்போல இரைச்சல் வருமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை. பாட்டு சுத்தமாக ஓடியது. நம் வாசலுக்கு வந்தேன், அப்போதும் சுத்தம். ஹாலுக்குள் நுழைந்தேன், புல்லாங்குழல் தனியாக, தபலா தனியாகக் கேட்டது.

பூசை அலமாரிக் கதவு திறந்திருந்தது. முருகன் ராட்டினம் இல்லாமல் வெறும் படமாக நின்றான். பக்கத்தில் ஆவுடை நின்றாள். ஒரு காதில் போனில் மாட்டிய இயர்போன், மற்றது தொங்கிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

"நீ அணைச்சியா?"

"பின்ன யாரு?"

"இன்னும் நாலு நாள் இருக்கே."

"எதுக்காக நேந்தேனோ அது நடந்துட்டுல்லா. பெறவு என்னத்துக்குக் கரண்டை வீணாக்கணும்?" மூக்கை உறிஞ்சினாள். "அப்பாவும் மகளும் பேசணும்னுதான் வெளக்குப் போட்டேன். உங்க வாயில நீர்மட்டத்தைத் தவிர வேற வந்துச்சா? அன்னைக்கே, மக குரலைக் கேக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அந்த நிமிசமே அணைச்சிருப்பேன். மூணு தடவ கேட்டேன்."

நான் அவள் போனைக் காட்டினேன். "நீ இதுலயா கேட்டுக்கிட்டு இருந்த?"

"மொத நாள்லருந்து. இன்டர்நெட்டுல வருதுல்லா, இரைச்சலே கெடையாது. நீங்க தண்ணி அளக்கையில நான் அடுப்படியில மகளைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

முட்டிவலி என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

பாட்டு முடிந்தது. ரேடியோவில் போன் மணி. கழுகுமலைப் பக்கமிருந்து ஒரு அம்மா. "ஏம்மா, இப்ப ஒருத்தர் பேசுனாகல்லா, கண்டென்சரு மாத்துத மெக்கானிக்கு, அவுக நம்பரு கெடைக்குமா? எங்க வீட்டு ஃபேனும் அப்படித்தான் கெடக்கு."

செண்பா சிரித்தாள். அழுதுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு, எனக்குத் தெரியாதா. ஒரு பிசிறில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாகக் கேட்டது.

"அவங்க மெக்கானிக் இல்லம்மா" என்றாள். "எங்க அப்பா."

ஆவுடை என் பனியனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஃபோர்மேன் அழுதான் என்று எழுதி வைப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அதற்குப் பிறகு நிகழ்ச்சி முடிகிற வரை ஐந்து பேர் போன் செய்தார்கள். மூன்று பேர் ஃபேன் பற்றித்தான் கேட்டார்கள், வெயிலைப் பற்றி இரண்டே பேர்.

மாரிக்கனி கடையில் இரண்டு கண்டென்சர் வாங்கி வைத்துவிட்டேன், ஒன்று கழுகுமலை அம்மாவுக்கு. திங்கட்கிழமை ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஆவுடையும் வருகிறாளாம்.